படியிறங்க ஒரு பெடியன்

உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதனால் சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

போன வாரம் நம்முடைய வட்ஸ்அப் குழுவில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவள் ஒரு குரல் பதிவு போட்டிருந்தாள். அவளுடைய மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில், வருட முடிவு நடனத்துக்கு இரண்டு பெடியன்கள் சோடியாக வரப்போகிறார்களாம். அதிபரே சிரித்த முகத்தோடு ரிக்கற் கொடுத்தாராம். "எங்கட காலத்தில இப்பிடியெல்லாம் இருக்கேல்லையடி. இப்பத்தைய பள்ளிக்கூடங்கள் பழக்கிவிடுற வேலை இது" என்று பெருமூச்சு விட்டிருந்தாள். கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தீர்கள். தலைமுடிக்குச் சாயம் பூசுங்கள், நானும் பூசுகிறேன். ஞாபகத்துக்குமா பூசுவது? எங்கள் காலத்திலும் இருந்தது. உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. நான்தான் அது.

என்னோடு வாழ்கிறவளைப் பற்றி இன்றைக்கும் "உன்ர ரூம்மேற் சுகமோ?" என்று கேட்கிறீர்கள். கேட்கும்போது உங்கள் பார்வை சுவரிலோ சாப்பாட்டுத் தட்டிலோ இருக்கும். இவ்வளவு காலமும் நானும் "ஓம், சுகம்" என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். அந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகு சமாளிக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் எங்களுடைய கடைசி வருடம் அது. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். பனி உருகத் தொடங்கியிருந்தது. குளிர்காலம் முழுக்க பனிக்குள் புதைந்து கிடந்த ஒற்றைக் கையுறைகளும் பஸ் ரிக்கற்றுகளும் நடைபாதையில் ஊறிப்போய்க் கிடந்தன. அப்பாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை. வேலை முடிந்து வந்தால் அவருடைய சட்டையில் வேகவைத்த கரட் மணக்கும். அம்மா தையல் ஆலையில் கோட்டுகளுக்குக் கை பொருத்தும் வேலை. வீட்டுக்கு வந்தாலும் மெசினை விட்டு எழும்ப மாட்டார், அயல் சனங்களின் சாறிச்சட்டைகள் எப்போதும் குவிந்து கிடக்கும்.

எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றுதான்: பெடியன் கூடாது. பெடியனோடு தொலைபேசியில் கதைக்கக் கூடாது. பெடியன் வருகிற பிறந்தநாளுக்குப் போகக் கூடாது. பள்ளிக்கூட வேலைக்கென்றாலும் பெடியனைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீடுகளிலும் இதே சட்டம்தான் என்பதால் நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் பெட்டைகளைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. பெட்டை என்றால் வரலாம், சாப்பிடலாம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம், மழை பெய்தால் படுத்துவிட்டும் போகலாம்.

அப்படித்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். போர்த்துக்கீசக் குடும்பத்துப் பெண், எங்கள் வகுப்பு. தகப்பன் கட்டட வேலை செய்கிற மேசன். தலைமயிரைக் கழுத்துக்கு மேலே ஒட்ட வெட்டியிருப்பாள். குளிர்காலம் முழுக்கக் குட்டித் தோடம்பழங்களை உரித்து உரித்துத் தின்பதால் அவளுடைய விரல்களில் அந்த வாசம் எப்போதும் இருக்கும். மெத்ரோவில் கூட்டம் நெருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். கூட்டம் குறைந்த பிறகும் விடமாட்டாள். நானும் விடச் சொன்னதில்லை. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. ஒருவருக்கொருவர் வாய் திறந்து சொல்ல ஒரு முழுக் குளிர்காலம் எடுத்தது.

அம்மாவுக்கு அவளை நல்ல விருப்பம். இடியப்பத்தையும் சம்பலையும் கையால் குழைத்துச் சாப்பிடுவாள், மூக்கால் வடிய வடிய இன்னும் கேட்பாள். அப்பாவுக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. "உவையள்தான் யாழ்ப்பாணத்தை எங்களிட்டை இருந்து பறிச்ச ஆக்கள். இப்ப வந்து இடியப்பத்தையும் பறிக்கினம், பாத்துக்கொள்ளு" என்பார். நான் அதைப் பிரெஞ்சில் சொல்ல, அவள் எழுந்து நின்று அப்பாவிடம் நாட்டைத் திருப்பித் தருவதாகக் கைகூப்புவாள். அப்பா மேசையில் தட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை வீட்டில் வேறு எதற்கும் நாங்கள் கேட்டதில்லை.

ஜூன் மாதத்தில் கடைசி வகுப்புக்கு நடன விருந்து. பிரெஞ்சில் அதற்கு "பால்" என்று பெயர், எங்கள் வீடுகளில் "உந்த டான்ஸ்." உங்களில் பலருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அழுதீர்கள், ஞாபகமிருக்கிறதா? எனக்கு உடனே கிடைத்தது.

"ஆரோட போறாய்?" என்று அம்மா கேட்டார்.

"போர்த்துக்கீசப் பிள்ளையோட."

"பெடியள் ஒருத்தரும் இல்லையே?"

"இல்லையம்மா. நாங்கள் ரெண்டு பேரும்தான்."

"அப்ப சரி. போட்டு வாங்கோ."

அதோடு நிற்கவில்லை. அவள் தன் அண்ணனின் கலியாணக் கோட்டைப் போடப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அம்மாவே அதை அளவாக்கித் தருவதாகச் சொன்னார். சாம்பல் நிறக் கோட்டு, உள்ளே வழுவழுப்பான ஊதா லைனிங். எங்கள் வரவேற்பறையில், வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, அவளுடைய தோளில் சோக்கால் கோடு போட்டார் அம்மா. "பெடியன் மாதிரி உடுத்தினால் இன்னும் நல்லம். ஒரு பெடியனும் கிட்ட வரமாட்டான்" என்று எனக்குச் சொன்னார். ஸ்டீம் அயன் பெட்டியின் ஆவியில் ஜன்னல் கண்ணாடி வெளிறியிருந்தது. நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அந்த நடனத்தில் எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மண்டபத்தில் ஒரு பெரிய படிக்கட்டு உண்டு. பெயர்களைச் சோடி சோடியாகக் கூப்பிடுவார்கள். கை கோத்துக்கொண்டு படியிறங்க வேண்டும், கீழே எல்லோரும் கை தட்டுவார்கள், படம் எடுப்பார்கள். அந்தப் படிகளில் இரண்டு பேரும் சேர்ந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான். யாருக்கும் ஒரு செய்தியும் சொல்ல நாங்கள் நினைக்கவில்லை. பதினேழு வயதில் எல்லோரும் ஆசைப்படுகிற ஒரு சின்ன விஷயத்துக்கு நாங்களும் ஆசைப்பட்டோம்.

மே மாதத்தில் உப அதிபர் வகுப்புக்கு வந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கும் பெண்மணி, பக்கத்தில் வந்தால் பெப்பர்மின்ற் மணக்கும். படியிறங்கும் சோடி என்றால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும்தான் என்றார். சோடி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், தானே பொருத்திவிடுவாராம். மீதியாக நிற்கும் பெடியன்களையும் பெட்டைகளையும், காலுறைக்குக் காலுறை தேடுவது மாதிரி, சோடி சேர்த்துக்கொண்டு போனார். என் முறை வந்தபோது கூடைப்பந்து விளையாடும் ஒரு நெட்டைப் பெடியனைக் காட்டினார். நான் என் சிநேகிதியோடு இறங்குகிறேன் என்றேன். "அது முடியாது. இது குடும்பங்கள் பார்க்கிற நிகழ்ச்சி" என்றார். என் குடும்பம் பார்க்கக் கூடாதா, அவளுடைய குடும்பம் குடும்பம் இல்லையா என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதற்காக அவரைப் பாகுபடுத்தக் கூடாது என்று இந்த மாகாணத்தின் சட்டம் நான் பிறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டது. இதை நான் தெரிந்துகொண்டது பல வருடங்கள் கழித்து. உப அதிபருக்கு அப்போதே தெரிந்திருக்கும். எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் ஒரு பெரிய மனிதர்கூடச் சொல்லவில்லை. இதை நினைக்கும் போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். சேர்ந்து போக விடுகிறார்கள் இல்லை, ஒரு பெடியனோடு கை கோத்து இறங்கச் சொல்கிறார்கள் என்றேன். அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"என்ன? ஆற்றையோ பெடியனை என்ர பிள்ளைக்குச் சோடி சேர்க்க இவை ஆர்? பள்ளிக்கூடமோ, புரோக்கர் கடையோ?"

"சத்தம் போடாதேங்கோ. கீழ் வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! ரெண்டு பெட்டையள் சேர்ந்து போறம் எண்டு மரியாதையாக் கேட்டால் அது பிழையோ? நாளைக்கு நான் வாறன் பள்ளிக்கூடத்துக்கு."

அப்பா எனக்காக இப்படி எழும்பி நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் எதற்காகச் சண்டைக்குப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். நான் எதற்காக அழுகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பேருக்கும் கிடைக்க வேண்டியது ஒன்றாகத்தான் இருந்தது. அதனால் எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்த நாள் வேலை உடுப்போடேயே வந்தார். கழுத்தில் விமான நிலைய அட்டை தொங்கியது. வேலையிடத்தில் யாரிடமோ கேட்டு ஒரு பிரெஞ்சு வசனம் பாடமாக்கியிருந்தார். உப அதிபரின் அறைக்குள் நுழைந்ததும் "பொன்ஜூர்" கூடச் சொல்லாமல், "பா டெ கார்சோன்!" என்று மேசைக்கு மேலே விரலை ஆட்டினார். பெடியன் வேண்டாம் என்று அர்த்தம். மற்றதெல்லாம் நான் மொழிபெயர்த்தேன்.

அப்பா நன்றாகக் கதைத்தார். என் மகள் யாரோடு நடப்பது என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது என்றார். இரண்டு பெண் பிள்ளைகள் கை கோத்து நடந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டார். இந்தப் பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும், என் வீட்டில் சாப்பிடுகிற பிள்ளை, அவளோடு போவதற்கு நான் சம்மதம் தந்தாயிற்று, உங்களுடைய சம்மதம் எனக்கு எதற்கு என்றார். இன்றைக்கு எத்தனையோ கூட்டங்களில் எங்களைப் போன்றவர்களுக்காகப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். என் அப்பா அன்றைக்குப் பேசியதை விடத் தெளிவாக யாரும் பேசவில்லை. நான் ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

உப அதிபர் முதலில் திகைத்துப் போனார். எங்களைப் பற்றி எல்லாம் தெரிந்துதான் ஒரு தமிழ்த் தகப்பன் இப்படி வாதாடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு விளங்கிவிட்டது.

"உன் அப்பாவுக்குத் தெரியாது, இல்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் அப்பாவின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன்.

"நீங்கள் இரண்டு பேரும் வெறும் சிநேகிதிகள் இல்லை என்று அவருக்குச் சொல். மொழிபெயர். இல்லையென்றால் துப்புரவு வேலை செய்கிற உங்கள் ஆள் ஒருவர் கீழே நிற்கிறார், அவரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்கிறேன்."

ஒரு பிள்ளையிடம் இதை ஒரு பெரிய மனுஷி சொன்னார். எனக்கு மட்டுமே சொந்தமான ஒன்றை, நான் ஆயத்தமாக இல்லாத ஒரு நாளில், என் வாயாலேயே என் தகப்பனிடம் சொல்ல வைத்தார். எதற்கு? படிக்கட்டில் இறங்கும் வரிசை குலையாமல் இருப்பதற்கு. அந்தப் பெண்மணி ஓய்வு பெறும்போது அவருக்குப் பூச்செண்டு கொடுத்திருப்பார்கள். பேச்சும் பேசியிருப்பார்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். "என்னவாம், பிள்ளை?"

"அப்பா, நானும் அவளும் சிநேகிதம் மட்டும் இல்லையாம். ஒரு பெடியனும் பெட்டையும் விரும்புற மாதிரி, நாங்கள் ரெண்டு பேரும் விரும்புறமாம். மிஸ் சொல்லுறா." பிறகு எனக்கே என் குரல் கேட்டது: "ஓம் அப்பா. உண்மைதான்."

அறையில் சுவர் மணிக்கூடு இருந்தது. வெளியே விளையாட்டு நேரச் சத்தம். அப்பா தன்னுடைய சப்பாத்தைப் பார்த்தார். சமையற்கூடத்து வழுக்காத கறுப்புச் சப்பாத்து, நுனியில் மா ஒட்டியிருந்தது. கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அடிப்பார் என்றும் நினைத்தேன். அவர் உப அதிபரைப் பார்த்து, சற்று முன் ஆட்டிய அதே விரலை மடக்கிக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னார்.

"கார்சோன். ஓகே."

உப அதிபர் தலையாட்டினார். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "சொல்லு அவவுக்கு. எந்தப் பெடியனெண்டாலும் பரவாயில்லை" என்றார்.

எந்தப் பெடியன் என்றாலும்! பிறந்த நாளிலிருந்து எந்தப் பெடியனின் நிழலும் படக்கூடாது என்று என்னைக் காவல் காத்த மனிதர். அந்த நெட்டைப் பெடியனின் பெயர் என்ன, ஊர் என்ன, நல்லவனா கெட்டவனா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பெடியனாக இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. அந்த ஒரு வசனத்தை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

உப அதிபர் அன்றைக்கே அவளுடைய வீட்டுக்கும் தொலைபேசி எடுத்துவிட்டார். அவளுக்கும் ஒரு பெடியனைப் பொருத்தினார்கள். முடியாது என்றாள். அப்படியானால் வர வேண்டாம் என்று பெயரை வெட்டிவிட்டார்கள். நானும் போகாமல் விடுகிறேன் என்று வீட்டில் கேட்டேன். அதற்கும் சம்மதம் இல்லை. நான் ஒரு பெடியனோடு படியிறங்குவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. அம்மா அழுதார், சாமி அறையில் நெடுநேரம் இருந்தார், என்னோடு ஒரு வாரம் கதைக்கவில்லை. ஆனால் அந்தச் சாம்பல் கோட்டுக்குப் பொத்தான் ஓட்டை தைத்து, அழுத்தி, மடித்து ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார். "ஒத்துக்கொண்ட வேலை. கொண்டுபோய்க் குடு" என்றார். கோட்டுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

இறங்கினேன். அந்த நெட்டைப் பெடியனின் உள்ளங்கை வியர்த்திருந்தது, பாவம், அவன் என்ன செய்வான்? படம் எடுத்தார்கள். பெடியன்களோடு கதைக்கவே விடாத எங்கள் வீட்டு வரவேற்பறையில், நான் யாரோ ஒரு பெடியனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் சட்டம் போட்டுப் பல வருடங்கள் தொங்கியது. நீங்கள் வந்து பார்த்தீர்கள். "ஆரடி இந்த வடிவான பெடியன்?" என்று கண்ணடித்தீர்கள். அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டு சிரித்தார். எங்கள் காலத்தில் இல்லை என்று நீங்கள் சொல்வதற்கு அந்தப் படம்தான் சாட்சி என்றால், அது எப்படி எடுக்கப்பட்டது என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

அவளை அவளுடைய வீட்டார் அந்தக் கோடை முடிவதற்குள் வேறு நாட்டில் ஒரு மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கடைசியாக அவளைப் பார்த்தது அந்த விருந்து நாளில்தான், அதுவும் ஜன்னல் வழியாக.

மண்டபம் புவாண்ட்-கிளேரில், ஏரிப் பக்கம். அப்பா என்னை எங்கள் வான் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நேர் எதிரே நிறுத்திக் காவல் இருந்தார். சாப்பாடு முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும் என்பது கட்டளை. படியிறங்க மேல் மாடியில் வரிசையில் நிற்கும்போது ஜன்னலால் பார்த்தேன். ஜூன் மாத வெயில் இன்னும் இருந்தது. தெருவின் மறுபக்கம் பஸ் தரிப்பில் அவள் நின்றாள். அம்மா தைத்த கோட்டு, தோள் அளவெடுத்த மாதிரிப் பொருந்தியிருந்தது. பஸ் வந்தது, நின்றது, போனது. அவள் ஏறவில்லை. மேலே பார்த்தாள், நான் கை காட்டினேன். கண்ணாடியில் வெயில் பட்டதால் என்னைக் கண்டாளா தெரியாது. உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

சாப்பாடு முடிந்து நான் வெளியே ஓடி வந்தபோது பஸ் தரிப்பில் யாரும் இல்லை. வான் கதவைத் திறந்து ஏறினேன். உள்ளே இறைச்சி ரோல்ஸ் மணத்தது. அப்பாவுக்குப் பசிக்கும் என்று அம்மா கட்டிக் கொடுத்தது.

அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்தப் பிள்ளை கனநேரம் நிண்டது. சரியான ஏரிக் காத்து. நான் போய் ரெண்டு ரோல்ஸ் குடுத்தன், வேண்டாமெண்டிட்டுது. வானுக்குள்ள வந்து இரு எண்டும் கையைக் காட்டிக் கேட்டன். வரேல்லை. மெர்சி எண்டு மட்டும் சொன்னது." ரோல்ஸ் பையை மடித்து வைத்தார். "நல்ல பிள்ளை."

பசித்த பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கத் தெரிந்தவர். ஏரிக் காற்றில் நிற்கிற பிள்ளையை உள்ளே கூப்பிடத் தெரிந்தவர். என் பிறவியில் முதல் தடவையாக அப்பாவை எதிர்த்துக் கேட்டேன்.

"நல்ல பிள்ளையெண்டா அது ஏனப்பா வெளியில நிண்டது?"

அப்பா திறப்பைத் திருப்பி வானைக் கிளப்பினார். பக்கக் கண்ணாடியில் பின்னால் வாகனம் வருகிறதா என்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"பெல்ற்றைப் போடு" என்றார்.